படியேறிப் போகும் அறை

எங்கள் கிளியனூர்க்காரர்களுக்குக் கோட்டை என்றால் செஞ்சிதான். அதன் ராஜகிரி மலை உச்சிவரை மூச்சிரைக்க ஏறலாம். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். மலைக்கோட்டையில் ஓர் இரவாவது தூங்கும் ஆசை எனக்கு ராஜஸ்தானின் நீம்ராணாவில்தான் நிறைவேறியது. 1464-இல் ஆரவல்லிச் சரிவில் எழுந்த கோட்டை அது. பாழடைந்து கிடந்ததை 1986-இல் அமன் நாத், பிரான்சிஸ் வாக்சியார்க் என்ற இருவர் வாங்கினார்கள். 1991-இல் விடுதியாகத் திறந்தார்கள்.

அடுக்கடுக்காக மலையேறும் கட்டடம். வளைந்த படிகள், திடீர் முற்றம், மறுபடி படிகள். ஓர் அறை போல இன்னொன்று இல்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும் தடித்த சுவர் அதை உள்ளே விடுவதில்லை. சன்னலையொட்டிய திண்ணையில் சாய்ந்தால் ஊர் முழுக்கக் காலடியில். நீச்சல் குளம்தான் கோட்டைக்கு ஒட்டவில்லை. ஆனாலும் இறங்கிக் குளித்தேன்.