டிரான்சம்: கடைசி அரைமணி நேரம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே கட்டிய டிரான்சமைப் போன செப்டம்பரில் நானே அறுத்து எடுத்தேன். கராஜ் வாசலில் காபியோடு வந்து நின்ற மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "இதை இப்பத்தானே புதுசா போட்டீங்க?" முகத்தில் மாஸ்க் இருந்ததால் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

படகுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: டிரான்சம் என்பது படகின் பின்பலகை. அவுட்போர்டு மோட்டார் தொங்குகிற இடம். என்னுடையது 16 அடி ஃபைபர்கிளாஸ் படகு, எண்பதுகளில் செய்தது. மிச்சிகனில் சாகினா விரிகுடாவுக்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்ததை வாங்கினேன். டிரான்சம் உளுத்துப்போயிருந்தது என்று தெரிந்துதான் வாங்கினேன், அதனால்தான் விலையும் குறைவு. ஒரு முழுக் கோடை செலவழித்து மாற்றினேன். மூன்றாவது வருஷம், வாரக்கணக்கில் மழையே இல்லாத ஆகஸ்டில், டிரெய்லரில் நின்ற படகின் வடிகால் குழாயைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ கசிந்தது. சுத்தியலால் தட்டினேன். மேலே 'டக் டக்' என்று கேட்டது, கீழே 'தொப்' என்று. அந்தப் பலகைக்கு ஒரு முழம் தள்ளித்தான் என் பத்து வயதுப் பெண் உட்கார்வாள். அதற்குப் பிறகு படகைத் தண்ணீரில் இறக்கவில்லை.

வெளித்தோலை வெட்டி எடுத்துப் பார்த்தபோது மரத்தில் பெரும்பகுதி புத்தம் புதிது போல் இருந்தது. கறுப்பு இரண்டே இடத்தில். வடிகால் குழாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. மீன் காட்டும் கருவியின் டிரான்ஸ்டியூசரை முடுக்கியிருந்த திருகுகளுக்குக் கீழே நாக்கு நீட்டியது போல் இன்னொன்று. மோட்டாரைத் தாங்கும் நான்கு அரை இஞ்ச் போல்ட்டுகளைச் சுற்றி மரம் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. இந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போல்ட் ஓட்டைகளை ஏன் ஒழுங்காகப் போட்டேன்? எல்லா வழிகாட்டியும் அதைச் சொல்லியிருந்தது. மற்ற இரண்டையும் ஏன் கோட்டை விட்டேன்? அவற்றை நான் டிரான்சம் வேலையாகவே நினைக்கவில்லை. வழிகாட்டிகளும் அப்படி நினைக்க வைக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை என் படகைப் பற்றியது என்பதைவிட, நான் நம்பிப் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் பற்றியது.

முதலில் பலகை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஃபைபர்கிளாஸ் படகின் டிரான்சம் ஒரு சாண்ட்விச். வெளியே ஒரு கண்ணாடியிழைத் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் பிளைவுட். முன்னோக்கி ஓடும்போது புரொப்பெல்லர் தள்ளுவது கீழே, தண்ணீருக்குள். அதனால் மோட்டார் பிராக்கெட்டின் அடிப்பகுதி பலகையை முன்னால் அமுக்குகிறது, மேல் போல்ட்டுகள் பின்னால் இழுக்கின்றன. டிரெய்லரில் மோட்டாரைத் தூக்கிவைத்துக் குண்டும் குழியுமான சாலையில் போனாலும் இதே திசையில்தான் திருகும். 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 110 கிலோ. அது துள்ளித் துள்ளி விழுவதை நினைத்துப் பாருங்கள்.

நடு மரத்தின் முக்கியமான வேலை இரண்டு தோல்களையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பது. ஒரு சின்னக் கணக்கு: தோல் ஒவ்வொன்றும் 5 மி.மீ., நடுவில் 38 மி.மீ. மரம். மரத்தின் சொந்த விறைப்பை விட்டுவிட்டு, தோல்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மூன்றும் ஒட்டி ஒன்றாக நிற்கும்போது வளைவை எதிர்க்கிற விறைப்பு, இரண்டு தோலும் தனித்தனியாக நழுவும்போது இருப்பதைப்போல் சுமார் 220 மடங்கு. மரம் முழுக்கக் கூழானால் அந்த 220 போய் 1 வந்துவிடும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குப் பளபள ஜெல்கோட் அப்படியே இருக்கும். உளுத்த டிரான்சம் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

இனி வீடியோக்கள். ஒரு குளிர்காலம் முழுக்க ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து டஜன் கணக்கில் பார்த்தேன். அவற்றைக் குறை சொல்வதற்கு முன் கடனைச் சொல்லிவிட வேண்டும். கை எப்படி நகர வேண்டும் என்பதை எழுத்தால் சொல்லவே முடியாது. ஆங்கிள் கிரைண்டரைச் சாய்த்துப் பிடித்துச் சரிவு தேய்ப்பது, 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. அகலச் சரிவு என்ற 12 மடங்கு விகிதம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது, பலகையும் படகின் பக்கச்சுவரும் சேரும் மூலையில் எபாக்சிக் குழைவை வளைவாக இழுத்துவிட்டு அதன்மேல் 1708 துணியை ஒட்டுவது, இவையெல்லாம் நான் வீடியோவில்தான் கற்றேன். அந்த மூலை ஒட்டுதான் மோட்டாரின் சுமையைப் படகின் உடம்புக்குக் கொண்டுபோகிறது. என் முதல் டிரான்சத்தில் அது கல் மாதிரி நின்றிருந்தது, பிரித்து எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

ஆனால் இந்த வீடியோக்களுக்கு ஒரு கதை வடிவம் உண்டு. ஆரம்பத்தில் அருவருப்பு: கறுத்த ஈர மரத்தைக் கையால் பிய்த்துப் போடுவார்கள். நடுவில் உழைப்பு. கடைசியில் அழகு: வெள்ளை ஜெல்கோட், சாயங்கால வெளிச்சம், ஏரியில் படகு. அழகுக்கும் ஏரிக்கும் நடுவில் ஓர் அரைமணி நேரம் எப்போதும் வெட்டப்பட்டிருக்கும். அந்த அரைமணியில்தான் வடிகால் குழாய், டிரான்ஸ்டியூசர், ஏணி, கட்டும் கொக்கி எல்லாம் பலகையில் ஏறுகின்றன. அதாவது, ஒரு கோடை முழுக்க மூடிய பெட்டியில் ஏழெட்டு ஓட்டை போடுகிற நேரம் அது. அதிலும் சில தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. பழைய மரம் ஏன் உளுத்தது என்று கேட்காமலே புது மரத்தை மாட்டுகிற கதை இது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு டிக்கெட்டை மூடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன்.

புத்தகங்கள் பக்கம் வந்தால் நிலைமை மேல், ஆனால் வேறு மாதிரிக் கோளாறு. மிச்சிகனின் பே சிட்டியில் மீட், ஜான், ஜோயல் என்று மூன்று கூஜன் சகோதரர்கள். மரமும் எபாக்சியும் சேர்த்துப் படகு கட்டியவர்கள், பிறகு வெஸ்ட் சிஸ்டம் என்ற பெயரில் அந்த எபாக்சியையே விற்றவர்கள். அவர்களுடைய படகு கட்டும் புத்தகம் 1979-இல் வந்தது. நாசாவின் காற்றாலை ஆராய்ச்சிக்கு மரத்தால் இறக்கைகள் செய்து கொடுத்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த இறக்கையின் அடியில் எஃகுத் தண்டுகளை மரத்துக்குள் எபாக்சியோடு புதைத்துச் சுமையைக் கடத்தினார்கள். மரத்துக்குள் உலோகம் நுழையும் இடத்தை இவர்கள் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு.

ஃபைபர்கிளாஸ் படகு ரிப்பேருக்கு என்று அவர்கள் தனியாகப் போட்ட கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. நான் படித்த தொழில்நுட்பக் கையேடுகளில் நேர்மையானவற்றில் ஒன்று. எபாக்சியைத் தின்னர் விட்டு நீர்க்கச் செய்தால் மரத்துக்குள் ஆழமாக இறங்கும் என்ற ஊர்ப்பேச்சை, எபாக்சி விற்கிறவர்களே சோதித்துப் பார்த்து, 5 சதவீதம் லாக்கர் தின்னர் கலந்தாலே அமுக்க வலிமை 35 சதவீதம் குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். எபாக்சியின் பதத்தைச் சிரப், கெச்சப், மயோனைஸ், பீநட் பட்டர் என்று நாலாகப் பிரிப்பார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் அது ரவா தோசை, தோசை, இட்லி, வடை என்று இருந்தது. வடை மாவுப் பதத்தில்தான் மூலை வளைவு நிற்கும்.

சரி, கோளாறு என்ன? அந்தக் கையேடு வேலைகளை அத்தியாயம் அத்தியாயமாக அடுக்குகிறது. டிரான்சம் ஓரிடத்தில், ஹார்டுவேர் பொருத்துவது இன்னோர் இடத்தில். (நம் தொழிலில் சொல்கிற ஹார்டுவேர் இல்லை, போல்ட்டும் கொக்கியும்.) ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தால் உலோகம் மரத்தைத் தொடவே தொடாது என்ற அருமையான விஷயம் அந்த ஹார்டுவேர் பகுதியில் இருக்கிறது. டிரான்சம் மாற்றப் போகிற என்னைப் போன்றவன் டிரான்சம் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கராஜுக்கு எடுத்துப்போவான். தப்பு என்னுடையதும்தான். ஆனால் வாசகன் எந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுவான் என்று யோசிப்பதும் கையேடு எழுதுகிறவரின் வேலை.

இதில் டான் கேசியைப் பாராட்ட வேண்டும். பாய்மரப் படகுகளின் உடம்பையும் தளத்தையும் ரிப்பேர் செய்வது பற்றிய அவருடைய புத்தகத்தில், நடு மரம் உளுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு வெகு முன்னாலேயே நீர்க்கசிவுக்கு என்று ஓர் அத்தியாயம் வந்துவிடும். வெறும் வரிசைதான், ஆனால் அந்த வரிசையே நோய்க்காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பாய்மரப் படகு என்பதால் நான் அதைத் தொடாமல் விட்டேன். முதல் டிரான்சம் கட்டி முடித்து ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன்.

பொருளை மாற்றினால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். "மரைன் பிளை போடு, உளுக்காது" என்பார்கள். மரைன் பிளையில் அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்காது, பசை தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். பிரபலமான ஒக்குமே பிளையின் மரம் உளுப்பை எதிர்ப்பதில் பலவீனமான வகை. உளுப்புக்குப் பூஞ்சைதான் காரணம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. எந்த மரம் என்பதைவிட அந்த எண் முக்கியம். சரி, மரமே வேண்டாம், கூசா போர்டு மாதிரி கண்ணாடியிழை கலந்த ஃபோம் பலகை போடலாமா? போடலாம், விலை பல மடங்கு. பூஞ்சைக்குத் தீனி இருக்காது. ஆனால் சரியாக அடைக்காத ஓட்டை வழியாகத் தண்ணீர் அங்கேயும் வரும். மிச்சிகன் ஜனவரியில் அது உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும். ஒட்டை அது பிரிக்காது என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நானும் வாங்கிக்கொள்கிறேன். உளுத்த மரத்தில் வரிசையாகத் துளை போட்டு நீர்த்த எபாக்சியை ஊற்றும் வைத்தியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈரமாக இருக்கிற மரம் எபாக்சியை எங்கே குடிக்கும்?

இப்போது என் அரைமணி நேரத்துக்கு வருகிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை ஏரிக்குப் போவதாகப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு இஞ்ச் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் சொருகி, சுற்றி சீலண்ட் தடவி, நுனியை விரித்துவிட்டேன். டிரான்ஸ்டியூசருக்குச் சின்ன டிரில்லால் குத்தி, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு பொட்டு சீலண்ட். மொத்தமே முப்பது நிமிஷம். அந்தத் துளைகளின் உள்சுவர் பச்சை மரம். பிளைவுட்டின் அறுத்த விளிம்பு தண்ணீரை உறிஞ்சுகிற வேகம் அதன் முகப்பைவிடப் பல மடங்கு. டிரான்ஸ்டியூசரோ ஓடும் படகின் பின்னால் தண்ணீரை முட்டிக்கொண்டு அதிர்ந்துகொண்டே இருக்கிற சாமான். நுண்ணிய அசைவில் சீலண்ட் விட்டுப்போக ஒரு கோடை போதும். மோட்டார் போல்ட்டுகளுக்குப் பெரிய துளை, நிரப்பு, மறுதுளை என்று இரண்டு நாள் காத்திருந்த அதே ஆள்தான் இதையும் செய்தேன். மோட்டார் பெரிய விஷயம், மரியாதை கொடுத்தேன். திருகு சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை வரிசையைத் தலைகீழாக்கினேன். பலகை ஒட்டுவதற்கு முன்பே எல்லா ஓட்டையும் காகிதத்தில் குறிக்கப்பட்டது. வடிகாலுக்கு ஒன்றரை இஞ்ச் துளைத்து, வடை மாவுப் பதத்தில் எபாக்சியும் சிலிக்காப் பொடியும் கலந்து நிரப்பினேன். ஒரே மூச்சில் ஊற்றினால் சூடேறிப் புகைகிறது, அதனால் இரண்டு தவணை. ராத்திரி காயவிட்டு, காலையில் நடுவே ஒரு இஞ்ச். வீடியோ எடுத்தால் இதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை: வெள்ளையாக ஒரு வட்டம், அது காய்கிறது. டிரான்ஸ்டியூசருக்குத் திருகே கிடையாது. டிரான்சத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டிவிட்டு, கருவியின் திருகுகள் அந்தப் பலகைக்குள்ளேயே நின்றுவிடுகிற மாதிரி செய்தேன். நாளைக்கு வேறு கருவி வாங்கினாலும் படகில் புதிதாகத் துளை விழாது.

மே மாதம், தண்ணீரில் இறக்கி மூன்று வாரம் ஆனபின், வடிகால் குழாயைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், ஈரமே இல்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், பெண்ணும் தடவிப் பார்த்தாள். குழாயை மறுபடி மாட்ட அன்றைக்கு நேரம் இல்லை, படகு இன்னும் டிரெய்லரில்தான் நிற்கிறது.