காணாப் பொருளின் பாணிகள்

நம் கோயில் மலரிலோ பள்ளி மலரிலோ ‘பாணி’ என்ற தலைப்பைக் கண்டால் நாதஸ்வரமோ பரதமோ என்றுதான் புரட்டுவார்கள். இது வேறு பரம்பரை: அண்டத்தைக் கணினிக்குள் வளர்த்துப் பார்ப்பவர்களுடையது. லங்காவியில் தேசிய வானாய்வகத்தை வைத்திருக்கும் கெடாக்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்கவேண்டியதில்லை.

இரவில் ஜெராய் மலைமேலிருந்து பார்த்தால் ஊர்கள் வெளிச்சமாகத் தெரியும். இடையிலுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருட்டில் கிடக்கும். வானமும் அப்படித்தான். அண்டத்துப் பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு ஒளிராத கரும்பொருள். அதன் ஈர்ப்பு குவியும் இடத்தில்தான் விண்மீன் திரள்கள் பிறக்கின்றன.

இந்தக் கணினிப் பரம்பரையின் ஆதிகுரு என்று சுவீடனின் எரிக் ஹோம்பெர்க்கைச் சொல்லலாம். 1941இல் கணினி ஏது? 74 மின்விளக்குகளைப் பரப்பி, இரண்டு திரள்கள் நெருங்குவதைச் செய்துகாட்டினார். ஒளியும் ஈர்ப்பும் தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைபவை. ஆகவே ஒளியை அளந்தே ஈர்ப்பைக் கணக்கிட்டார். 1970இல் ஆய்வாளர் பீபிள்ஸ் கணினியில் ஓட்டியது 300 துகள்கள். 2005இன் ‘மில்லேனியம்’ கணினி உருவகத்தில் 10 பில்லியன். அருகிலுள்ள ஈர்ப்பை ஒரு முறையிலும் தொலைவிலுள்ளதை வேறு முறையிலும் கணக்கிடும் ‘ட்ரீபிஎம்’ நிரலொன்றை 2002இல் வெளியிட்டார், அப்போது அலகாபாத்தில் இருந்த ஜஸ்ஜீத் சிங் பக்லா.

கரும்பொருள் எத்தகையது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன. அவற்றில் ஒன்று சீக்கிரமே மூடப்பட்டுவிட்டது. நியூட்ரினோ போன்ற சூடான கரும்பொருள், வானில் காண்பதைவிட மிகப் பெரிய கொத்துகளாகத் திரண்டுவிடுகிறது என்று 1983இல் ஆய்வாளர்கள் வைட், ஃபிரெங்க், டேவிஸ் காட்டினர். குளிர் பாணியில் சிறியவை முதலில் திரண்டு, சேர்ந்து பெரிதாகின்றன. இன்றும் அதுவே பெரிய மேளம். இளஞ்சூட்டுப் பாணி சின்னக் கட்டிகளை முளையிலேயே அழிக்கும். 2000இல் ஸ்பெர்கெலும் ஸ்டைன்ஹார்ட்டும் தொடங்கிய பாணியில் துகள்கள் தமக்குள் மோதி, திரளின் நடுவைத் தளர்த்தும். அலைப் பாணியில் துகள் அலைபோல நடந்துகொள்ளும் அளவுக்கு இலேசு. 2014இல் தைவான் குழுவினரின் உருவகத்தில் ஒவ்வொரு திரளின் நடுவிலும் அலையே ஒரு கருவாகத் திரண்டது.

பெரிய அளவில் பார்த்தால் பிழைத்திருக்கும் பாணிகள் எல்லாம் ஒரே வலைப்பின்னலைத்தான் வரைகின்றன. வேறுபாடு சிறிய அளவில், குள்ளத் திரள்கள் போன்றவற்றில்தான் வெளிப்படும். அங்கேதான் கணினியும் ஏமாற்றுகிறது. இளஞ்சூட்டு உருவகங்களின் இழைகளில் மணி கோத்ததுபோல் ஒழுங்கான இடைவெளியில் சிறு கட்டிகள் தோன்றின. அவை இயற்கையல்ல, கணினியில் ஓட்டிய துகள் எண்ணிக்கையின் கோளாறு என்று 2007இல் வாங், வைட் இருவரும் நிறுவினர். துகள்களைக் கூட்டியபோது கட்டிகளின் இடைவெளியும் மாறியது. மெய்யான கட்டி அப்படி மாறாது. புதுப் பாணி கண்டவரைவிட இந்தச் சோதனையைச் செய்தவர்களையே நான் மேலே வைப்பேன்.

கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜனும் மெனெகெத்தியும் சகாக்களும் 2020இல் 11 திரள்கொத்துகளை ஆராய்ந்தனர். அவற்றின் உட்கட்டிகள் ஒளியை வலுவாக வளைத்த நிகழ்வுகள் குளிர் உருவகம் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மோதல் பாணியினர் உடனே முன்வந்தனர்: மோதல் நீடித்தால் நடு சுருங்கி இறுகும் என்றார்கள். நடுவைத் தளர்த்த வந்த பாணியே இப்போது இறுக்கவும் உதவுமாம்! துகளின் வேகத்துக்கேற்ப மோதல் வலிமை மாறும் என்பது அவர்கள் விளக்கம். இருக்கட்டும், அந்த விதியை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, குள்ளத் திரளையும் பெருங்கொத்தையும் அதே விதியில் ஓட்டிக் காட்டட்டும்.