சொக்சோ மேல்முறையீடு: வலுவான படிக்கட்டு, குறையுள்ள அளவுகோல்

ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தரத்தை அது கொடுக்கும் தொகையை மட்டும் வைத்து அளக்க முடியாது. கொடுக்க மறுக்கும்போது தொழிலாளிக்கு என்ன வழி விடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மலேசியாவின் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை, அதாவது நாம் சொக்சோ என்றே அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் அடிப்படைச் சட்டத்தை, இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

கட்டமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. சட்டம் மேல்முறையீட்டை இரு தடங்களாகப் பிரிக்கிறது. ஊனம் எத்தனை விழுக்காடு, நோய் நிரந்தரமானதா போன்ற கேள்விகளை மருத்துவ வாரியம் தீர்மானிக்கிறது. அதன் முடிவை ஏற்காதவர் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை நாடலாம். விபத்து வேலை சார்ந்ததா, சந்தாத் தகுதி உண்டா போன்ற தகராறுகள் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகின்றன. அங்கும் தோற்றவர், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் உயர் நீதிமன்றம் செல்லலாம். மறுத்தவரே மறுபடி விசாரிக்கும் நிலை இதில் இல்லை. அது சிறு சாதனையன்று.

இரண்டாவது தடம் தெளிவானது. 24ஆம் பிரிவு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயணத்தில் நேரும் விபத்தையும் காக்கிறது. இந்தியாவின் இ.எஸ்.ஐ. சட்டம் இத்தகைய பிரிவைப் பெற 2010 வரை காத்திருந்தது. ஆனால் பயணம் இடையில் தடைபட்டாலோ வழி விலகினாலோ இந்தப் பிரிவின் பாதுகாப்பு போய்விடும். கிள்ளானிலிருந்து வடக்குத் துறைமுகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் விட வேறு சாலையில் திரும்பினால் அது விலகலா? போலீஸ் புகார், வருகைப் பதிவு, சாலையின் கைவரைபடம் மூன்றையும் வைத்து இந்தக் கேள்வியை வாதிட முடியும். இங்கே விதி கடுமையானதுதான். ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது மேல்முறையீடு செய்பவருக்குத் தெரியும்.

முதல் தடத்தில்தான் முறையியல் தடுமாறுகிறது. தொழிலாளர் ‘இலாட்’ என்று குறிப்பிடும் உழைப்பிழப்பு ஓய்வூதியத்துக்கு நோய் மட்டும் போதாது. நோய் குணமாகாததாக இருக்க வேண்டும். அதோடு, உடல்நலம் உள்ள தொழிலாளி வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அவரால் ஈட்ட முடியாத நிலை வேண்டும். முதல் பாதி மருத்துவம், இரண்டாம் பாதி கூலிச் சந்தை. கேள்வி இரண்டு துறைகளைச் சேர்ந்தது. தீர்ப்போ மருத்துவர்களிடம் மட்டும் இருக்கிறது. மேல்முறையீட்டிலும் இதே நிலைதான்.

இதன் விளைவை அறியக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் போதும். 1951இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. பயிற்சி பெற்ற பார்வையற்றோர் அந்த வட்டாரத்தில் உடற்பிடிப்புத் தொழில் செய்து வாழ்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டி நீரிழிவால் பார்வை இழந்த லோரி ஓட்டுநரின் கண் பரிசோதனை அவர்களுடையதைப் போலவே இருக்கலாம். ஈட்டும் திறன் ஒன்றாக இருக்காது. வயது, கல்வி, இதுவரை செய்த வேலை, வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவை எந்த எக்ஸ்ரேயிலும் தெரிவதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை இவரால் முடியும் என்று மருத்துவர் நேர்மையாகவே எழுதலாம். அந்த வேலையை இவருக்கு யார் கொடுப்பார்கள் என்பதை எடைபோடும் பயிற்சி அவருக்கு இல்லை.

இது தீர்க்க முடியாத குறையன்று. பிரிட்டனில் ஊனமுற்றோருக்கான தனிநபர் உதவித்தொகை மேல்முறையீட்டை ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், ஊனத்தோடு வாழ்வது பற்றி அறிந்த ஒருவர் என மூவர் கேட்கிறார்கள். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் கேள்வியின் இயல்பும் தீர்ப்பாளரின் தகுதியும் பொருந்துகின்றன.

நியாயமாக இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும். சமூக நலத்துறையின் மாதாந்திர உதவியும் ரொக்க உதவியான எஸ்.டி.ஆரும் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு அவற்றை நிர்வகிக்கும் துறைகளிடமே திரும்புகிறது. துறைக்கு வெளியே சட்டப்படி அமைந்த வாரியம் இல்லை. மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரலாம் என்பது உண்மை. மாத உதவிக்கு வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அது ஏட்டுச் சுரைக்காய். இவற்றோடு ஒப்பிட்டால் சொக்சோ பல படி மேலே நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. உரிமையைச் சட்டமாக்கியதிலும் தடங்களைப் பிரித்ததிலும் 1969ஆம் ஆண்டுச் சட்டம் தேறுகிறது. உழைப்பிழப்பை அளப்பதில் தேறவில்லை. மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தில் தொழிற்சந்தை அறிந்த ஒருவருக்கு இருக்கை வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று மறுப்புக் கடிதம் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் வரும்வரை, தொழிலாளி தன் உடலை மட்டுமே வாதிட முடியும்; தன் பிழைப்பை வாதிட முடியாது.