தேவாங்கும் ஒரு வசைச்சொல்லும்

இருபது வருஷத்துக்கு முன் எழுதிய சிறுகதை ஒன்றைப் போன மாதம் எடுத்துப் படித்தேன். அதில் ஒரு குமாஸ்தா வருகிறான். 'தேவாங்கு மாதிரி இருந்தான்' என்று ஒரே வரியில் அவனை முடித்துவிட்டிருக்கிறேன். அப்போது நான் தேவாங்கைப் பார்த்ததே கிடையாது. படித்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து சினிமா காமெடி வரைக்கும், ஒல்லியாக முழி பெருத்து இருப்பவனைத் திட்ட நமக்கு இந்தச் சொல். கழுதையும் எருமையும்கூட வசைதான்; ஆனால் அவற்றைத் தெருவில் பார்த்திருக்கிறோம். தேவாங்கு விஷயத்தில் பிராணி கண்ணில் படாமல் வசை மட்டும் புழங்குகிறது. பக்கத்திலேயே, கன்னடத்தில், இதற்குப் பெயர் 'காடுபாப'. காட்டுக் குழந்தை.

பெங்களூருக்குக் குடிவந்த பிறகுதான் பார்த்தேன். இந்திய அறிவியல் கழக வளாகத்தின் பழைய மரங்களில் இன்னும் இருக்கிறது. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு நாலைந்து பேர் சத்தமில்லாமல் நடந்தோம். இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளி. கால் கிலோ தேறும் உடம்பு. தேவாங்கு தாவாது. முன்கை அடுத்த கிளையைப் பற்றிய பிறகுதான் பின்கால் பிடியை விடும். நான் பார்த்தது கிளை நுனி வரை வந்து கையை நீட்டியது. அடுத்த மரம் ஒரு முழம் தள்ளி நின்றது. கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

இப்போது நம் சூழலியல் கட்டுரைகளுக்கு வருகிறேன். அவற்றில் தேவாங்கு என்றால் கண்கள்தான். அப்பாவி விழிகள், கலங்கிய விழிகள். திட்டியவனும் முகத்தைத் தாண்டவில்லை, இரங்குகிறவரும் தாண்டவில்லை. அடுத்த பத்தியில் வெட்டப்பட்ட மரங்களின் கணக்கு வந்துவிடும். சாலையை அகலப்படுத்துகிறவர்களும் 'ஒன்றுக்குப் பத்து நடுவோம்' என்று அதே கணக்கில்தான் பேசுகிறார்கள். நகரத்துக்கு வெளியே நட்ட பத்துக் கன்றுகள் கிளை நுனியில் நிற்கிற பிராணிக்கு எதற்கு? அதற்கு வேண்டியது மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது. தொடவில்லையென்றால் மின்கம்பியைப் பிடிக்கும், இல்லை தரையில் இறங்கும். தரையில் நாய், வண்டி.

2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம். மனசுக்கு நிறைவான காரியம். வேடசந்தூர், நத்தம், கடவூர் என்று இடம் இடமாகச் சொல்லும் அரசு உரைநடை நம் கட்டுரைகளைவிடத் தெளிவு என்றுகூடச் சொல்வேன். ஆனால் நகரத்து வளாகத்துக்குள் மாட்டிக்கொண்டதற்கு அந்த வேலி எட்டாது. சட்டத்தில் அது புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்தால் குற்றம். அது பிடித்திருக்கும் கிளையை வெட்ட வேறொரு ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எழுதிய தமிழ்க் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை.

கதைத் தொகுப்பு மறுபதிப்பு வருகிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "அதான்யா அந்தக் கதையில சிரிக்கிற இடம்" என்கிறார் பதிப்பாள நண்பர். இருக்கலாம். எடுத்த பிறகு பார்த்தால் குமாஸ்தாவைப் பற்றி அங்கே வேறு ஒன்றுமே இல்லை. அவன் பேனாவை எப்படிப் பிடித்திருந்தான் என்றுகூட நான் எழுதியிருக்கவில்லை.