பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

பெரோவ்ஸ்கைட் பீங்கான்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பல ஒரே எண்ணை நம்பி நிற்கின்றன: அறை வெப்பநிலையில் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த ஒப்புமை விடுதிறன். எண் பெரிதென்றால் தலைப்பிலேயே 'ராட்சத' என்ற அடைமொழி ஏறிவிடும்.

இந்த வழக்கத்தை அடியோடு தள்ளவும் முடியாது. பேரியம் டைட்டனேட்டின் துகள்கள் நல்ல மின்காப்பிகள். அதில் செய்த வில்லையின் இரு முகங்களிலும் வெள்ளிப் பசை பூசி எல்சிஆர் மீட்டரில் அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் பொருளின் சொந்தக் குணம்தான். சூடேற்றினால் 120 டிகிரி செல்சியஸ் அருகே விடுதிறன் உச்சம் தொட்டு, படிக அமைப்பு மாறுவதைக் காட்டிக்கொடுக்கும். மலிவான, விரைவான சோதனை.

துகளே மின்சாரத்தைக் கடத்தும்போதுதான் சிக்கல். கால்சியம் காப்பர் டைட்டனேட்டில் நடந்தது அதுதான். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மாஸ் சுப்பிரமணியனும் சகாக்களும் 2000-இல் அதன் விடுதிறன் ஏறத்தாழ 10,000 என்று அறிவித்தார்கள். வெப்பநிலை மாறினாலும் அது அதிகம் அசையவில்லை. அளவீட்டில் பிழையில்லை. ஆனால் 2002-இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் சின்க்ளேரும் வெஸ்ட்டும் உள்ளிட்ட குழு, பல அதிர்வெண்களில் மின்எதிர்ப்பை அளந்து வேறொன்றைக் கண்டது: துகள்கள் குறைகடத்திகள், அவற்றின் எல்லைகள் மட்டுமே காப்பிகள்.

கணக்கு எளிது. மின்னழுத்தம் முழுதும் எல்லைகளில் விழுகிறது. நாமோ வில்லையின் மொத்தத் தடிமனால் பெருக்குகிறோம். காப்பிப் பகுதி தடிமனில் நூறில் ஒரு பங்கென்றால், 100 என்ற சாதாரண விடுதிறன் 10,000 ஆகத் தோன்றும். அதே 2002-இல் லுங்கன்ஹைமர் குழு மின்முனைத் தொடுகையும் இதே மாயத்தைச் செய்யும் என்று காட்டியது. ஆக, பொருளின் பெயரில் நாம் எழுதிவைப்பது ஒரு சாதனத்தின் குணத்தை.

'சாதனமாகவே இருக்கட்டுமே, பயன்படுகிறதல்லவா?' என்பார்கள். நியாயமான கேள்விதான், எல்லைத் தடுப்பு மின்தேக்கிகள் சந்தைக்கு வந்தவையே. ஆனால் எல்லை வழியே கசிவு இருந்தால் ஆற்றல் இழப்பு கூடும், மின்னழுத்தம் ஏறினால் காப்பு தளரும். ராட்சத எண்ணை முழக்கும் கட்டுரைகளில் இழப்புக் காரணி பெரும்பாலும் ஏதோ ஒரு படத்தின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. எனக்கு இதுவே பெரிய குறை. தடிமன் வேறுபட்ட இரண்டு வில்லைகளை, வெவ்வேறு மின்முனைகளோடு அளந்து காட்டாத வரை அந்த எண்ணைப் பொருளின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.