பாங்க்வோ உட்கார்ந்த இருக்கை

'மாக்பெத்' நாடகம், மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. முடிசூடிய கையோடு மாக்பெத் கொடுக்கும் அரச விருந்து. அவரவர் தகுதிக்குரிய இடத்தில் அமருமாறு பிரபுக்களிடம் சொல்கிறான். ராணி தன் ஆசனத்தில் இருக்க, தான் விருந்தினரோடு கலந்து உட்காரப்போவதாகவும் அறிவிக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கூடத்து வாசலில் அவன் ஏவிய கொலையாள் வந்து நிற்கிறான். முகத்தில் ரத்தம். மாக்பெத்தின் நண்பன் பாங்க்வோவின் கழுத்தை அறுத்தாயிற்று, தலையில் இருபது வெட்டு, உடல் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மகன் ஃபிளியன்ஸ் மட்டும் தப்பிவிட்டான். கேட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்புகிற மாக்பெத்துக்கு உட்கார இடமில்லை. மேசைதான் நிரம்பியிருக்கிறதே என்கிறான். உங்களுக்கென்று வைத்த இடம் இதோ இருக்கிறது என்று லெனாக்ஸ் என்ற பிரபு காட்டுகிறான். காட்டிய இடத்தில் பாங்க்வோ உட்கார்ந்திருக்கிறான்.

இந்த நாடகத்துக்கு நம்மிடம் உள்ள ஒரே மூலப் பிரதி 1623இல் வெளியான முதல் ஃபோலியோதான். அதில் ஆவி உள்ளே வருவதற்கான மேடைக் குறிப்பு, மாக்பெத் அதைக் கண்டு அலறுவதற்குப் பல வரிகள் முன்பே வந்துவிடுகிறது. வந்து மாக்பெத்தின் இடத்தில் உட்காருகிறது என்றும் அந்தக் குறிப்பே சொல்கிறது. பாங்க்வோ மட்டும் இங்கே இருந்திருந்தால் சபை நிறைந்திருக்கும் என்று மாக்பெத் நாசூக்காக வருத்தப்பட்டுக்கொள்ளும்போது, பார்வையாளர்களின் கண்ணெதிரே பாங்க்வோ இருக்கிறான். கொலைகாரனுக்கு முன்பே நாம் பார்த்துவிடுகிறோம். வந்திருப்பது நிஜ ஆவியா, மாக்பெத்தின் பிரமையா என்ற விவாதத்துக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆவி எங்கிருந்து வந்தது என்று அதில் ஆளாளுக்கு ஆராய்ந்தார்கள். அது யாருடைய இடத்தில் உட்கார்ந்தது, அதை யார் முதலில் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைத்த கவனம் குறைவு. இந்தக் காட்சியில் குற்றவுணர்வு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் கேள்விகளே உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதையின் மூலம். ஷேக்ஸ்பியர் கையாண்டது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு; அதன் இரண்டாம் பதிப்பு 1587இல் வந்தது. அதில் பாங்க்வோ ஒன்றும் அப்பாவி அல்ல. மன்னன் டங்கனைக் கொல்லும் மாக்பெத்தின் சதியில் அவனுக்கும் பங்கு உண்டு. அவன் கொல்லப்படுவது விருந்து முடிந்து, இருட்டில் தங்குமிடம் திரும்பும் வழியில். ஆவி என்ற பேச்சே அங்கில்லை. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், பாங்க்வோவின் வம்சத்தில் வந்தவராகக் கருதப்பட்டவர். ஆகவே ஷேக்ஸ்பியர் பாங்க்வோவின் கையைக் கழுவிவிட்டதில் வியப்பில்லை. வியப்பான மாற்றம் வேறு. விருந்துக்குப் பின் நடந்த கொலையை அவர் விருந்துக்கு முன்னால் இழுத்துவந்தார். அன்று பகலில், விருந்துக்குத் தவறாமல் வந்துவிடு என்று பாங்க்வோவிடம் சொல்லி அனுப்பியவன் மாக்பெத்தான். வருகிறேன் என்று பாங்க்வோ வாக்குக் கொடுத்தான். செத்த பிறகும் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறான்.

1606ஐ ஒட்டி இதைப் பார்த்த லண்டன்வாசிக்கு ஆவியைப் பற்றித் தெளிவான ஒரு கருத்து இருந்திருக்காது. பழைய கத்தோலிக்க நம்பிக்கைப்படி, உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மா உதவி கேட்டுத் திரும்பி வரலாம். சீர்திருத்தச் சபை அந்த ஸ்தலத்தையே இல்லை என்றாக்கிவிட்டது. செத்தவன் நேராக மோட்சம் அல்லது நரகம், திரும்புவதற்கு வழியில்லை. சூரிச் நகரத்து லாவாட்டர் எழுதி, 1572இல் ஆங்கிலத்தில் வந்த ஆவிகள் பற்றிய நூல் இந்தப் பக்கம் நின்றது: தெரிவது பெரும்பாலும் மனப்பிராந்தி, இல்லையேல் சாத்தானின் வேடம். ரெஜினால்டு ஸ்காட் 1584இல் இன்னும் ஒரு படி மேலே போய், சூனியக் கதைகளில் பலவும் புரட்டும் மதிமயக்கமும்தான் என்று எழுதினார். 1597இல் பேயியல் பற்றித் தாமே ஒரு நூல் எழுதிய ஜேம்ஸ் அரசர் ஸ்காட்டைக் கடுமையாக மறுத்தார். கொலைகாரன் தொட்டால் பிணத்திலிருந்து ரத்தம் பீறிடும் என்பதும் அந்த நூலில் இருக்கிறது. விருந்து கலைந்த பிறகு ரத்தம் ரத்தத்தைக் கேட்கும் என்றும், கற்கள் நகர்ந்ததாகவும் மரங்கள் பேசியதாகவும் பறவைகள் கொலையைக் காட்டிக்கொடுத்ததாகவும் மாக்பெத் முணுமுணுப்பது கவிக்கற்பனை மட்டும் அல்ல. அன்றைய மனிதர்கள் சாட்சியமாக எடுத்துக்கொண்ட விஷயங்களின் பட்டியல் அது.

நாடக அரங்கின் ஆவிக்கும் குற்றத்தை வெளியே இழுக்கும் சக்தி உண்டு என்று அப்போது நம்பினார்கள். தாமஸ் ஹேவுட் 1612இல் நடிகர்களுக்காக வாதாடி எழுதிய நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். நார்ஃபோக்கில் லின் என்ற ஊரில் ஒரு நாடகம். கணவனைக் கொன்றவளை அவனுடைய ஆவி விடாமல் பின்தொடர்கிற கதை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று எழுந்து, தன் கணவன் தன் முன்னால் நிற்பதாகக் கூச்சலிட்டாள். பிறகு அவனைக் கொன்றதை ஒப்புக்கொண்டாள். சம்பவம் எந்த அளவுக்கு உண்மையோ, மேடை ஆவியிடம் அந்தக் காலம் எதிர்பார்த்தது என்ன என்பதை அது காட்டிவிடுகிறது.

'மாக்பெத்'தை குளோப் அரங்கில் 1611இல் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்த சோதிடரும் மருத்துவருமான சைமன் ஃபார்மன் நமக்கு நல்ல சாட்சி. பாங்க்வோவை நினைத்துக் கோப்பையுடன் மாக்பெத் எழுந்து நிற்க, ஆவி அவனுக்குப் பின்னால் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்ததாகவும், திரும்பி உட்காரப்போனவன் அதை நேருக்கு நேர் கண்டதாகவும் எழுதுகிறார். அவன் உளறியதைக் கேட்டுத்தான் பிரபுக்களுக்குச் சந்தேகம் வந்தது என்பதையும் அவர் விடவில்லை. ஆவி உண்மையா என்று ஃபார்மன் கவலைப்படவே இல்லை. நாற்காலியும் சந்தேகமும் அவர் மனதில் நின்றன. ஆய்வாளர்கள் பலரைவிட அவர் தேவலை.

அறிவொளிக் காலத்துக்கு மேடையில் மாவு பூசிய முகத்தோடு வரும் நடிகர் கூச்சமளித்தார். ஜான் பிலிப் கெம்பிள் 1794இல், புதிதாகக் கட்டிய ட்ரூரி லேன் அரங்கில், ஆவியை நீக்கிவிட்டு வெற்று நாற்காலியைப் பார்த்து நடித்தார். ராணியாக அவருடைய சகோதரி சாரா சிடன்ஸ். ரசிகர்களுக்கு ஏமாற்றம், பின்னர் ஆவியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனாலும் கெம்பிள் கிளப்பிய கேள்வி படிப்பறைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு முறை வருவது ஒரே ஆவிதானா, ஒன்று டங்கனுடையதா என்றுகூட 19ஆம் நூற்றாண்டில் சிலர் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் நமக்குப் பயன் இல்லை.

ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் துன்பியல் நூலின் பின்னிணைப்பில் இருதரப்புச் சான்றுகளையும் பொறுமையாக எடைபோடுகிறார். ஆவி பேசுவதில்லை, மாக்பெத் துணிவு கொண்டதும் மறைகிறது, மனைவி அதை முன்பு அவன் கண்ட காற்றுக் கத்தியோடு சேர்த்துப் பேசுகிறாள். இவை பிரமைக்கு ஆதரவு. விவேகிகள் பிரமை என்று கொள்ள வேண்டும், ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் நிஜம் என்றே கொள்வார்கள், இரண்டும் ஷேக்ஸ்பியருக்குத் தெரியும் என்று தயக்கத்தோடு முடிக்கிறார். 1907இல் ஈ. ஈ. ஸ்டோல் இதை ஏற்கவில்லை. மேடைக்கு வந்த ஆவி அக்கால மரபில் ஆவியே, அதை உளவியலாகக் கரைப்பது பிற்காலத்தார் வேலை என்றார். 1937இல் வால்ட்டர் கிளைட் கரி அந்தக் காலத்து இறையியலை முன்வைத்து இதைப் பேய்ச்சக்திகளின் ஏமாற்று வித்தையாகப் படித்தார். மூவரிடமும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. மூவரும் ஆவியின் பிறப்பிடத்தையே விசாரிக்கிறார்கள் என்பதுதான் குறை.

பிரமைக் கட்சிக்கு வலுவான சான்று ஒன்று உரையாடலுக்குள்ளேயே கிடக்கிறது. மாக்பெத் பாங்க்வோவின் பிணத்தைப் பார்க்கவில்லை. இருபது வெட்டு என்பது சற்று முன்பு வாசலில் காதில் விழுந்த கணக்கு. பீதியின் உச்சத்தில், செத்தவர்கள் தலையில் இருபது மரணக் காயங்களோடு எழுந்துவந்து நம்மை இருக்கையிலிருந்து தள்ளுகிறார்கள் என்று புலம்பும்போது அதே எண் அவன் வாயில் வருகிறது. கேட்டது காட்சியாகிவிட்டது. சரி, பிரமை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் கண்ணுக்கு ஏன் தெரிகிறது? மேசையில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாதது, காசு கொடுத்து உள்ளே வந்த நமக்குத் தெரிகிறது. நிரபராதிகளின் கண்ணைக் கொடுக்காமல் கொலைகாரனின் கண்ணை ஷேக்ஸ்பியர் நமக்குக் கொடுக்கிறார். அதனால்தான் கெம்பிளின் வெற்று நாற்காலியை, அது எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும், நஷ்டம் என்று கருதுகிறேன். அங்கே நாம் விருந்தினர் வரிசைக்குப் போய், ஒரு நோயாளியை வேடிக்கை பார்க்கிறோம்.

மாக்பெத் பேசுவதைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். உங்களில் யார் செய்த வேலை இது என்று முதலில் கேட்கிறான். அடுத்ததாக, செய்தது தானல்ல என்று ஆவியிடமே மறுக்கிறான். சொல்லளவில் சரிதான், கத்தி பிடித்தவர்கள் கூலியாட்கள். ஆனால் யாரும் இன்னும் குற்றமே சாட்டவில்லை. பாங்க்வோ செத்த செய்திகூடச் சபைக்குத் தெரியாது. பிறகு வருவது வருத்தமல்ல, புகார்: முன்பெல்லாம் மூளை சிதறினால் ஆள் செத்தான், அதோடு முடிந்தது, இப்போது அப்படியில்லையே என்று உலக ஒழுங்கின் மேல் குறை சொல்கிறான். பிறகு சவால்: கரடியாக வா, காண்டாமிருகமாக வா, புலியாக வா, பயப்பட மாட்டேன். தன்னோடு ஒரே களத்தில் நின்று போரிட்ட நண்பனுக்காக இந்தக் காட்சி முழுவதிலும் உண்மையான துக்கச் சொல் ஒன்றும் இல்லை. டங்கனைக் கொன்ற இரவில் ஆமென் சொல்ல நா எழாமல் தவித்தவன் இவன். கையிலுள்ள ரத்தத்தைக் கடலாலும் கழுவ முடியாது என்று நடுங்கியவன். கதவு தட்டும் சத்தத்தில் டங்கன் எழுந்துவிட மாட்டானா என்று ஏங்கியவன். அன்று குற்றவுணர்வு இருந்தது, ஆவி வரவில்லை. இன்று ஆவி வந்திருக்கிறது, குற்றவுணர்வை அவன் அந்தப் பெயரில் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே இடம் மறுக்கப்பட்ட உணர்வு வெளியிலிருந்து வந்து, அவன் எதற்காகக் கொன்றானோ அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. பாங்க்வோவின் வாரிசுகளுக்கு அரியணை என்பது சூனியக்காரிகள் சொன்ன வாக்கு; இருக்கை விஷயத்தில் ஆவிக்கு உரிமையும் உண்டு.

மாக்பெத்தின் மனைவிக்கு ஆவி தெரிவதில்லை. குளிர்காலத்தில் கணப்பருகே பாட்டி சொல்லும் கதைக்கு ஏற்ற நடுக்கம் என்று கணவனை ஏளனம் செய்கிறாள், இளமையிலிருந்தே அவருக்கு இப்படி வரும் என்று சபையைச் சமாளிக்கிறாள். என்ன கண்டீர்கள் என்று பிரபு ராஸ் கேட்டுவிட்டதும் அவளும் உடைகிறாள். தகுதி வரிசையில் உட்காரவைத்த சபையை, வரிசை பார்க்காமல் உடனே போங்கள் என்று விரட்ட வேண்டியிருக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து கையைத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். அங்கே ஆவி கிடையாது, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு மருத்துவரும் ஒரு பணிப்பெண்ணும். மாக்பெத்தையும் அவன் மனைவியையும் ஒரே மனதின் இரு பாதிகளாகப் பார்க்கலாம், ஒருவரிடம் முளைத்தது மற்றவரிடம் பழுக்கிறது என்று ஃபிராய்டு 1916இல், லுட்விக் யெகெல்ஸின் கருத்தை ஒட்டி எழுதினார். விருந்துக் காட்சிக்கு மட்டும் வைத்துப் பார்த்தால் அது பொருந்துகிறது: அவன் பயத்தை எடுத்துக்கொண்டான், மனவேதனை அவள் பங்குக்குப் போயிற்று.

இயக்குநர்கள் இந்த விஷயத்தில் ஆய்வாளர்களைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறார்கள். குரோசாவாவின் 1957 படத்தில் பாங்க்வோவுக்கு ஈடான மிக்கியின் ஆவி வெளுத்த ஒளியில், காலியாக இருந்த தன் இடத்திலேயே அமர்ந்திருக்கிறது. அபகரிப்பு போய், வராத நண்பனின் வெற்றிடம் முன்னுக்கு வருகிறது. ட்ரெவர் நன் 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆவியைக் காட்டாமலே இயன் மெக்கெல்லனின் முகத்தை மட்டும் நம்பினார். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) படத்தில் மும்பை நிழலுலகத் தலைவன் ஒருவனுக்கு மட்டும் நண்பனின் பிணம் தன்னைப் பார்ப்பதாகத் தெரிகிறது. கேரளத் தோட்டக் குடும்பத்தை வைத்து எடுத்த 'ஜோஜி' (2021) ஆவியையே விட்டுவிட்டது. எல்லாவற்றிலும் துணிச்சலானது ரூப்பர்ட் கூல்டின் 2007 சிசெஸ்டர் தயாரிப்பு. பாட்ரிக் ஸ்டூவர்ட் மாக்பெத்தாக நடித்த அதில், இடைவேளைக்கு முன் ரத்தம் சொட்டும் பாங்க்வோ விருந்து மேசைமேல் நடந்து வருகிறான். இடைவேளைக்குப் பின் அதே காட்சி மறுபடியும் தொடங்குகிறது. இம்முறை விருந்தினரின் பார்வையில், ஆவி இல்லாமல். கெம்பிளுக்கும் ஸ்டோலுக்கும் ஆளுக்கு ஒரு பாதி கொடுத்த மாதிரி. ஒரே வசனம், முதலில் பயங்கரம், பிறகு அவமானம்.

கலைந்த விருந்துக்குப் பின் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இரவு விடியலோடு போராடும் நேரம். பிரபு மாக்டஃப் ஏன் வரவில்லை என்று மாக்பெத் விசாரிக்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் தன் காசு வாங்கும் வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்கிறான். கண்ட காட்சிக்கு அவன் தரும் விளக்கம் புதுப் பழக்கத்தின் நடுக்கம், இந்த வேலையில் நமக்கு இன்னும் பயிற்சி போதாது என்பதுதான். லெனாக்ஸ் அதற்குள் இன்னொரு பிரபுவிடம், பாங்க்வோ இருட்டில் நடந்தது தப்பு, ஃபிளியன்ஸ் ஓடியதால் அவனே கொன்றிருப்பான் என்று குத்தலாகப் பேசத் தொடங்கிவிட்டான். மாக்பெத் சூனியக்காரிகளைத் தானே தேடிப்போகிறான். அங்கே பாங்க்வோ மறுபடி வருகிறான், எட்டு அரசர்களின் வரிசையைத் தன் வாரிசுகளென்று சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். இந்த முறை மாக்பெத் மறுக்கவும் இல்லை, சவால் விடவும் இல்லை. மாக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டதாக லெனாக்ஸ் செய்தி கொண்டுவந்ததும், மாக்டஃபின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல ஆளனுப்புகிறான்.