நாற்பத்தாறு புள்ளிக்குப் போன மனிதர்

2016 அக்டோபரில் மெல்பர்ன் நகரத்து ஹாதோர்ன் கிளப், சாம் மிட்செலை பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்டுக்குக் கைமாற்றியது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அதே ஹாதோர்ன் அவரை மேடையேற்றி, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பதக்கம் போட்டிருந்தது. அவருக்கு அது ஐந்தாவது முறை. வயது 34.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு கிளப்புக்குக் கிடைத்திருக்கும் முறை எண்கள்தான் அங்கே நாணயம். மிட்செலும் 54, 72 என்ற இரண்டு எண்களும் மேற்கே போயின. பதிலுக்கு 52, 70, 88 வந்தன. வேறொரு தேவைக்காக லீக் இந்த எண்களுக்கெல்லாம் ஒரு புள்ளி மதிப்பு வைத்திருந்தது. முதல் எண்ணுக்கு 3000, எழுபதுகளுக்கு மேல் பூஜ்யம். அந்த அட்டவணையை வைத்துக் கூட்டிக் கழித்தால் மிட்செலின் நிகர விலை 46 புள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் இதே ஹாதோர்ன் இதே வெஸ்ட் கோஸ்டை வீழ்த்தியதும் 46 புள்ளி வித்தியாசத்தில்தான். எண்களுக்கும் அவ்வப்போது குறும்பு வரும்.

ஹாதோர்ன் ஏமாந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அன்றைய சந்தையில் 34 வயது மிட்ஃபீல்டருக்கு அதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள். கிளப்கள் விலை பேசுவது ஒருவர் இனி ஆடப்போகும் ஆண்டுகளுக்கு. ரசிகனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் இன்று மாலை நடப்பதைப் பார்க்க வந்தவன். அப்படிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும்: ஒரு நல்ல மிட்ஃபீல்டரின் சந்தை மதிப்பு சரியத் தொடங்கும் ஆண்டுகளில்தான் அவருடைய கலை மேலே வந்து தெரிகிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திடல் முட்டை வடிவம், நம் கிரிக்கெட் மைதானம்தான். பந்தும் முட்டை வடிவம். தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. பக்கத்துக்கு 18 பேர். பந்தை எறியக் கூடாது; உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது என்பதால் எதிரி முன்னால் இருந்து மட்டுமல்ல, முதுகுப் பக்கமிருந்தும் வருவான். தப்பிக்க நேரம் இருந்தும் பந்தை விடாமல் பிடிபட்டால் தண்டனை பிடிபட்டவனுக்கு. இந்த நெரிசலின் நடுவில் பிழைப்பு நடத்துபவர்தான் மிட்ஃபீல்டர். ஓர் ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுவது அவருக்கு அன்றாடக் கூலி வேலை.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுச் சதுரத்தில் மறுபடி தொடங்கும். மிட்செல் ஆடிய காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அறைவார். அது எழும்பும்போது இரு அணியின் நெடிய ரக் ஆட்டக்காரர்களும் எம்பித் தட்டுவார்கள். கீழே பக்கத்துக்கு மூன்று பேர், அது எங்கே இறங்கும் என்று காத்திருப்பார்கள். ரசனை தொடங்கும் இடம் இதுதான். மிட்செல் ஓடிவந்து பந்தை எடுத்ததாக நினைவே வராது. தட்டு விழும் இடத்தில் முன்பே நின்றிருப்பார். தன் ரக்கின் தோள் திரும்பும் விதம், எதிர் ரக் ஊன்றும் கால், பக்கத்தில் நிற்பவன் எந்தக் காலில் கனத்தைச் சாய்த்திருக்கிறான் என்பது, எல்லாம் அவருக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்த சேதிகள்.

பந்து கைக்கு வந்ததும் மற்றவர்கள் நெரிசலை விட்டு வெளியே பாய்வார்கள். அவர் பாய மாட்டார். நெருங்கி வருபவனை இன்னும் ஓரடி வரவிடுவார். அவன் கை சட்டையைத் தொடும் நேரத்தில் பந்து முஷ்டியிலிருந்து கிளம்பி, அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில் நிற்கும் தோழனிடம் போயிருக்கும். பிடிபடுவது அவருக்குத் தோல்வியல்ல. ஓர் எதிரியைத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொண்டு இன்னொருவனை விடுவிக்கும் உத்தி. உதைப்பதிலும் அப்படித்தான். இடது காலா வலது காலா என்று எதிரிக்குத் தெரியாது, ஏனென்றால் இரண்டும் அவருக்கு ஒன்றுதான். ஒரு காலை மட்டும் நம்பியிருப்பவன் உடம்பைத் திருப்பிக்கொள்ள அரை வினாடி வேண்டும். அந்த அரை வினாடியை மிட்செல் யாருக்கும் கொடுத்ததில்லை.

அவர் ஒருநாளும் வேகமானவராக இருந்ததில்லை. உயரமும் ஆறடிக்குக் குறைவு. 2001 டிராஃப்டில் முதல் எண்ணில் லூக் ஹாட்ஜைத் தூக்கிக்கொண்ட அதே ஹாதோர்ன், மிட்செலின் பெயரைச் சொன்னது 36-ஆவது எண்ணில். அந்த டிராஃப்டின் மூன்றாவது எண் கிறிஸ் ஜட். ஜட் வேறு ஜாதி. நெரிசலில் பந்தோடு திரும்பி, மூன்று எட்டில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். பார்க்கிறவர்கள் தம்மையறியாமல் எழுந்து நிற்பார்கள். 2004-இலும் 2010-இலும் லீக்கின் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். 2015-இல் முழங்கால் தசைநார் அறுந்து, 31 வயதில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, அவர் வயதுக்காரரான மிட்செல் தன் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர். வேகத்தைக் கலையாகக் கொண்டவரிடம் காலம் முதலில் கேட்பது வேகத்தைத்தான். மிட்செலிடம் அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதை ரொம்பவும் இனிப்பாக்கிவிடவும் கூடாது. வயதானவரின் சரிவு நிஜம். ஆனால் அதைப் பந்து கையில் இருக்கும்போது தேடினால் கிடைக்காது. தன் அணி பந்தைத் தவறவிட்ட அடுத்த பத்து வினாடியில் பாருங்கள். இதுவரை தன் பக்கத்தில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பையன் எதிர்க் கோலை நோக்கிப் பறக்கிறான். பெரியவர் திரும்புகிறார், நாலடி ஓடுகிறார், பிறகு கையை நீட்டி வேறொருவரிடம் அவனைக் காட்டிக்கொடுக்கிறார். ஒரு முறையென்றால் அது சாமர்த்தியம். குவார்ட்டருக்கு ஐந்து முறை என்றால் அணிக்கு நஷ்டம். புள்ளிவிவரத் தாளில் அவர் பெயருக்கு எதிரே பந்து தொட்ட கணக்கு பழையபடி முப்பதை எட்டியிருக்கும். அவர் விட்டுவிட்ட பையனின் கணக்கு வேறு வரியில் இருக்கும். பயிற்சியாளர்கள் அந்த இரண்டாவது வரியையும் படிப்பவர்கள். 2016 செப்டம்பரில் ஹாதோர்ன் ஜீலாங்கிடம் இரண்டு புள்ளியில் தோற்று, அடுத்த வாரம் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் இளங்கால்களிடம் தோற்று வெளியேறியதை அதன் பயிற்சியாளர் அலாஸ்டர் கிளார்க்சன் எப்படிப் படித்திருப்பார் என்பது, அடுத்த மாதம் மிட்செலோடு ஜோர்டன் லூயிஸையும் அனுப்பிவைத்ததிலேயே தெரிந்துவிட்டது.

நம் கச்சேரி ரசிகர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. எழுபதைத் தாண்டிய பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டாது, துரித காலத்தில் மூச்சு வாங்கும். முன்வரிசையில் ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த ஸ்வரத்தைப் பாடாமல் விட்டார் என்பதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் கேட்பது ஒரே கச்சேரியைத்தான். ஆனால் இரண்டாமவருக்கு ஒரு சலுகை உண்டு, கச்சேரியில் எதிரணி கிடையாது. மெல்பர்னில் உண்டு. விடுபட்ட ஸ்வரம் அங்கே எதிரணியின் கோலாக, ஆறு புள்ளியாகத் திரும்பி வரும்.

இந்த முரணை நெடுங்காலமாகச் சமாளித்து வருபவர் காலிங்வுட்டின் ஸ்காட் பெண்டில்பரி. பதின்ம வயதில் அவர் கூடைப்பந்துக்காரர். ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு இந்தப் பந்துக்கு வந்தார். அந்தக் கூடைப்பந்து இன்னும் அவர் இடுப்பில் இருக்கிறது. பந்தை உடம்போடு அணைத்துக்கொள்ளாமல் கையை நீட்டிப் பிடித்துக் காட்டுவார். எதிரி அந்தக் கையை நோக்கிச் சாய்வான். அந்தச் சாய்வு போதும், மறுபக்கம் ஓரடி நகர்ந்து தலையைத் தூக்கிப் பார்க்க அவருக்கு இடம் கிடைத்துவிடும். அவரைச் சுற்றி நேரம் மெதுவாக ஓடுகிறது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நேரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது; பந்து வருவதற்கு முன்பே அவர் யோசித்து முடித்துவிடுகிறார், அவ்வளவுதான்.

அவரிடமும் வயது கேட்டது. நடுத்திடலிலிருந்து தற்காப்பு வரிசைக்குப் போய் நின்று பார்த்தார், திரும்பி வந்தார். 2014 முதல் ஒன்பது பருவங்கள் வகித்த தலைவர் பொறுப்பை டார்சி மூரிடம் கொடுத்தார். பெஞ்சில் உட்காரும் நேரம் கூடியது. 2010-இல் 22 வயதில், மறுமுறை ஆடப்பட்ட இறுதியாட்டத்தின் சிறந்த வீரராக நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கியவர், 2023 இறுதியாட்டத்தில் 35 வயதில் மறுபடி கோப்பையைத் தொட்டார். பிரிஸ்பேனை வென்றது நான்கே புள்ளியில். அந்தக் கடைசி நிமிடங்களில் அவரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், பந்து இல்லாதபோதுதான் அவருக்கு வேலை அதிகம். கை நீட்டி ஆளை நகர்த்துவதும், பதறுபவனை நிறுத்துவதும், எங்கே அடுத்த நெரிசல் வேண்டுமோ அங்கே அதை வரவழைப்பதும் எந்தத் தாளிலும் ஏறாத வேலைகள்.

எல்லோருக்கும் இது அமைவதில்லை. ஃப்ரீமாண்டிலின் நாட் ஃபைஃப் உயரமும் பலமும் சேர்ந்த அபூர்வம். 2015-இலும் 2019-இலும் பிரவுன்லோ வாங்கியவர். உயரத்தில் எம்பிப் பிடிப்பதும் மோதி எழுவதும் அவர் பாணி. உடம்பு ஒவ்வொரு பாகமாக மறுத்தது. கடைசிப் பருவத்தில் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் காத்திருக்க நேர்ந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை கேட்பதைச் செய்ய உடம்பு வேண்டியிருந்த பாணி அது.

மிட்செலின் கதைக்கு வருகிறேன். விற்கப்பட்ட சில வாரங்களில் 2012-ஆம் ஆண்டின் பிரவுன்லோ அவருக்கு வந்து சேர்ந்தது. எஸ்ஸெண்டன் கிளப்பின் ஊக்கமருந்து விவகாரத்தில் ஜோப் வாட்சன் இழந்த பதக்கம் அவருக்கும் டிரென்ட் காட்சினுக்கும் தரப்பட்டது. 46 புள்ளி மனிதர் உச்சப் பதக்கத்தை வாங்கும்போது வேறு கிளப்பின் ஆள். வெஸ்ட் கோஸ்டுக்கு அவர் ஆடியது ஒரே பருவம், 22 ஆட்டங்கள். அடிலெய்டில் கூடுதல் நேரத்தில், மணி அடித்த பிறகு லூக் ஷூயி உதைத்த உதையில் போர்ட் அடிலெய்டை வென்ற அந்த இரவு, அடுத்த வாரம் சிட்னியில் தோல்வி, அதோடு சரி. 329 ஆட்டங்களில் முடித்துக்கொண்டார். மறு ஆண்டு அங்கேயே உதவிப் பயிற்சியாளராக நடுத்திடலைப் பார்த்துக்கொண்டார். 2018 இறுதியாட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட் காலிங்வுட்டை ஐந்து புள்ளியில் வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் அதே ஷூயி, ஒரு மிட்ஃபீல்டர். வெஸ்ட் கோஸ்ட் வாங்கியது கால்களை அல்ல என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பிறகு ஹாதோர்ன் அவரைத் திரும்ப அழைத்தது. 2022-இலிருந்து தலைமைப் பயிற்சியாளர். அந்த ஆண்டு முடிந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 2018-இல் பிரவுன்லோ வாங்கிய 29 வயது டாம் மிட்செலையும் ஜேகர் ஓமேராவையும் கைமாற்றியது. இருவரும் மிட்ஃபீல்டர்கள், இருவரும் 2016-இல் சாம் மிட்செல் காலி செய்த இடத்துக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள். டாம் மிட்செல் அடுத்த ஆண்டே காலிங்வுட்டில் பெண்டில்பரிக்குப் பக்கத்தில் நின்று கோப்பை வாங்கினார். பயிற்சியாளரின் கணக்கில் அது தப்பும் இல்லை. ஹாதோர்னின் இளைஞர் கூட்டம் 2024-இல் இறுதிச் சுற்றுகளுக்கு வந்துவிட்டது. 2025-இல் இறுதியாட்டத்துக்கு ஒரு படி கீழே வரை வந்து ஜீலாங்கிடம் நின்றது. அன்று ஹாதோர்னை அலைக்கழித்தவர் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட். மிட்ஃபீல்டராக இருந்து முன்வரிசைக்கு நகர்ந்தவர், வயது 35.

மெல்பர்ன் பக்கம் போக வாய்த்தால் ஓர் ஆட்டத்தை மைதானத்திலேயே பாருங்கள். டிவி கேமரா பந்தை மட்டுமே துரத்தும். இந்தப் பெரியவர்களின் வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். அங்குள்ள எம்சிஜி மைதானத்தின் மேல் அடுக்கில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டும் மலிவு. ஒரு குவார்ட்டர் மட்டும் பந்தை மறந்துவிட்டு, திடலில் இருப்பவர்களிலேயே மெதுவாக நடக்கும் ஆளைப் பின்தொடருங்கள்.